சீதைப் பாண்டி முதல் தனியாட்டம் வரை: மலையகத்திலிருந்து ஓர் ஆய்வு

நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பக்கம் போகும் வீதியில் ஐந்து கிலோமீற்றர் அளவில் சீதாஎலிய வருகிறது. ஓடைக்கரையில் சீதை அம்மன் கோயில். ஓடைப் பாறையில் இருக்கும் குழிகளை அனுமனின் காலடி என்பார்கள். சற்றுத் தள்ளி, சிங்கோனா மரம் வளர்க்க 1861இல் தொடங்கிய ஹக்கலைப் பூங்கா. அந்தச் சரிவுதான் அசோகவனம் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அதை வரலாறாக ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் தனியாக ஒருவர் ஆடும் ஆட்டத்தில் கதை எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்க வேண்டுமானால், அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பல்லாங்குழியில் ஒருவர் மட்டும் ஆடும் வகைக்குத் தமிழில் சீதைப் பாண்டி என்று பெயர். சிறையிருந்தவள் துணையில்லாமல் ஆடிய ஆட்டம் என்று பெண்கள் வாய்வழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

தனியாகப் பல்லாங்குழி ஆடினால் என்ன நடக்கும் என்பதைக் கைப்படப் பார்த்துவிடலாம். ஏழு குழிகளை ஒரு வட்டமாக எண்ணிக்கொள்ளுங்கள். முதற் குழியில் ஏழு புளியங்கொட்டை, அடுத்ததில் ஆறு, அதற்கடுத்து ஐந்து என்று குறைத்துக்கொண்டே போய், கடைசிக் குழியில் ஒன்று. மொத்தம் இருபத்தெட்டு. முதற் குழியின் ஏழையும் அள்ளி அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டு வந்தால், கடைசிக் காய் காலியான முதற் குழியிலேயே விழும். இப்போது இரண்டாம் குழியில் ஏழு, மூன்றாவதில் ஆறு. அதே வரிசை ஓர் இடம் நகர்ந்திருக்கிறது. மறுபடி அள்ளுங்கள், மறுபடி நகரும். ஏழு முறை அள்ளியதும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். வெற்றி கிடையாது, தோல்வி கிடையாது, தாயக்கட்டையின் தயவு கிடையாது, ஆடுபவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுகூடக் கிடையாது. அப்படியிருந்தும், சீதை ஆடியது என்று கேட்டவுடன் அந்த நகர்வு ஒரு கதையாகிவிடுகிறது. நாள் நகர்கிறது, நிலைமை மாறவில்லை, கை ஓயவில்லை.

இன்று உலகெங்கும் தனியாட்டம் பெருகியிருக்கிறது. மேசைமேல் பொம்மைப் படைகளை நகர்த்தும் போர்விளையாட்டும், ஒரு பாத்திரமாக மாறி அதன் வாழ்வை ஆடும் பாத்திர ஆட்டமும் பல பேர் கூடி ஆடவென்றே பிறந்தவை. அவற்றை ஒருவர் தனியே ஆடும்போது கதை எப்படி உண்டாகிறது என்பது பற்றி ஆட்டங்களை வடிவமைப்பவர்கள் நாற்பது ஐம்பது வருடங்களாக யோசித்து வந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கொடுத்த பதில் ஒன்றுதான்: கதைக்கு எதிர்பாராமை வேண்டும். தனியே ஆடுபவருக்கு எதிராளி இல்லை, நடத்துநர் இல்லை. ஆகவே பகடையோ சீட்டோ மறைத்துவைத்த பத்தியோ அவரைத் திகைக்க வைக்க வேண்டும். இந்தப் பதில் பாதிதான் சரி என்று நான் நினைக்கிறேன். மற்றப் பாதி இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறது.

திகைப்பைத் தேடிய வழி

நவீனப் போர்விளையாட்டு பிரஷ்யப் படையிலிருந்து வந்தது. ரைஸ்விட்ஸ் என்ற தந்தை 1812இல் மன்னருக்குக் காட்டிய விளையாட்டை அவர் மகன் 1824இல் இராணுவப் பயிற்சிக்கு ஏற்றதாக்கினார். அதன் உயிர் நடுவரிடம் இருந்தது. இரு தரப்பாரும் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளை வாங்கி, எவருக்கு எவ்வளவு தெரியவேண்டும் என்று தீர்மானித்தவர் அவர்தான். பின்னர் இது வீடுகளுக்குள் நுழைந்தது. ரொபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1880களின் தொடக்கத்தில் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் மலையூரில் தங்கியிருந்தபோது, வளர்ப்பு மகன் லொயிட் ஒஸ்போனுடன் ஈயப் படைகளை வைத்து நீண்ட போர்களை நடத்தினார். இல்லாத பத்திரிகைகளின் பெயரில் அந்தப் போர்களுக்குச் செய்தியும் எழுதினார். எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிற்றில் வோர்ஸ்' என்ற விதிநூலை வெளியிட்டார்.

இவர்களுக்கெல்லாம் முன்னால், பின்னாளில் ஆங்கில எழுத்தாளர்களான ப்ரொன்டே பிள்ளைகள் இருக்கிறார்கள். 1826இல் தகப்பனார் மகன் பிரான்வெலுக்கு வாங்கி வந்த பன்னிரண்டு மரப் போர்வீரர்களை உடன்பிறந்தவர்கள் நால்வரும் பங்கிட்டுக்கொண்டு ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். சார்லட் தன்னுடையதற்கு வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தாள். அந்தப் பெயர்களிலிருந்து நகரமும் நாடும் பத்திரிகையும் முளைத்தன. எமிலியும் ஆனும் கொண்டல் என்ற தங்கள் கற்பனைத் தீவை வளர்ந்த பிறகும் விடவில்லை. கதையுள்ள ஆட்டங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் இதை ஒரு முன்னோட்டமாகத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுவே நடுப்புள்ளியாகத் தெரிகிறது. அங்கே பகடையும் இல்லை, விதிநூலும் இல்லை. பெயர் வைத்ததும் கதை தொடங்கிவிட்டது.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டார்கள். அதில் நடுவரின் இடத்தைக் கதை நடத்துநர் பிடித்துக்கொண்டார். நடத்துநர் கிடைக்காதவர் என்ன செய்வது? மறு வருடமே கைகாக்ஸ் ஒரு வழி சொன்னார்: பகடையை உருட்டி அட்டவணையைப் பார்த்து, நிலவறையின் பாதையையும் அறையையும் உள்ளிருக்கும் பூதத்தையும் அந்தந்த நேரத்தில் உண்டாக்கிக்கொள்ளலாம். 1976இல் 'பஃபலோ காசில்' வந்தது. ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் எங்கே போகிறாய் என்று கேட்டு, அதற்கேற்ற எண்ணுக்குப் புரட்டச் சொல்லும் தனியாட்டப் புத்தகம் அது. 1982இல் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் எழுதிய 'த வார்லொக் ஒஃப் ஃபயர்டொப் மவுன்டன்' நானூறு பத்திகளோடு வந்து, இந்த முறையைப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுபோனது. போர்விளையாட்டுப் பக்கம் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1973இலேயே தனியாகப் போர் நடத்துவது பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதிவிட்டார்.

1983இல் கடைக்கு வந்திருந்த இரண்டு ஆட்டங்களை அருகருகே வைத்தால் பிரச்சினை தெளிவாகும். ஒன்று 'அம்புஷ்!'. இரண்டாம் உலகப் போரில் பிரான்சில் நகரும் ஓர் அமெரிக்கச் சிறுபடை ஆடுபவர் கையில் இருக்கும். படம் முழுவதும் அறுகோணக் கட்டங்கள். ஒரு கட்டத்துக்குள் கால் வைத்ததும் மறைவாக அச்சிட்ட எண்ணைப் பார்த்து உரிய பத்தியைப் படிக்க வேண்டும். அந்தப் பத்தியில் எதிரி இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நெஞ்சு படபடக்க வைக்கும் வடிவமைப்பு. ஆனால் ஒரு களத்தை ஆடி முடித்த பிறகு அதே களத்துக்குத் திரும்பினால் சத்து குறைந்துபோகிறது. எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான் என்பது தெரிந்துவிட்டது. கதை முழுவதும் திகைப்பில்தான் இருந்தது என்றால், திகைப்பு போனதும் கதையும் போய்விட வேண்டியதுதான்.

மற்றது 'பி-17: குயீன் ஒஃப் த ஸ்கைஸ்'. ஜெர்மனிமேல் குண்டுபோடப் போகும் விமானம் ஒன்று, உள்ளே பத்துப் பேர். ஆடுபவர் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். எந்தத் துப்பாக்கி எந்த எதிரி விமானத்தைச் சுடும் என்பது போன்ற ஒரு சில முடிவுகள். மீதியெல்லாம் பகடையும் அட்டவணையும் சொல்வதுதான். எஞ்சின் எரிகிறது, உறைகுளிர் உள்ளே புகுகிறது, வால்பக்கச் சுடுநர் காயப்படுகிறார். இருபத்தைந்து பறப்புகளை முடித்தால் வீடு திரும்பலாம். தீர்மானிக்கும் உரிமையே இல்லாத இது ஆட்டமாகுமா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் இதை ஆடியவர்கள் தம் விமானக்காரர்களுக்குப் பெயர் வைத்தார்கள், ஊர் வைத்தார்கள். இறந்தவரின் பெயரை அடித்துவிட்டுப் புதியவரின் பெயரை எழுதும்போது வருந்தினார்கள். வருடங்கள் கழிந்தும் இதைத் திரும்பத் திரும்ப ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். சீதைப் பாண்டிக்கும் இதற்கும் இடையில் தூரம் அதிகமில்லை. இரண்டிலும் ஆடுபவர் விதியை மாற்றுவதில்லை. வேறொருவரின் விதியோடு கூடவே இருந்துவிடுகிறார்.

பரமபதத்தையும் இந்த இடத்தில் சொல்லலாம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் அந்தப் பலகையிலும் தீர்மானம் என்று ஒன்றுமில்லை. விழுந்த எண்ணுக்குக் காய் நகரும். ஆனால் ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு அசுரன், ஒவ்வொரு ஏணிக்கும் ஒரு நற்செயல். உச்சிக்குக் கிட்டவே வாய்பிளந்து கிடக்கும் பெரிய பாம்பு. கதை பலகையிலேயே வரைந்திருக்கிறது. ஆடுபவர் அதற்குள் ஏறி இறங்குகிறார்.

முடிவு தெரிந்த கூத்து

தோட்டங்களுக்கு வருவோம். மலையக மக்களின் மூதாதையர் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் கொண்டுவரப்பட்டவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்தவர்கள். அவர்கள் தலைச்சுமையில் வந்தது குறைவு. மனதில் வந்த கூத்துக்கள் மூன்று இன்றும் பேர்சொல்ல நிற்கின்றன: காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு.

மூன்றையும் பாத்திர ஆட்டத்தின் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை கேட்பது. மேடை நாடகத்தில் நடிகர் ஒரு பக்கம், பார்வையாளர் ஒரு பக்கம். காமன் கூத்தில் அந்தப் பிரிவு தேய்ந்துவிடுகிறது. மாசி வளர்பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். பிள்ளை வரம் கேட்டவர், நோய் தீர நேர்ந்தவர் எல்லாரும் நேர்த்திக்காக வேடம் ஏற்பார்கள். முந்தின நாள் வரை கவ்வாத்து வெட்டியவர் அன்றைக்குக் காமனாகிய மதன். பெண்வேடம் கட்டிய ஓர் ஆண் ரதி. வீரபத்திரனும் எமனும் குறவன் குறத்தியும் வருகிறார்கள். தப்பு முழங்கும்போது வேடம் ஆளைப் பிடித்துக்கொள்கிறது. சிவனின் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி மன்றாடுகிறாள், மதன் போகிறான், சிவனின் நெற்றிக்கண் திறக்கிறது, பௌர்ணமியை ஒட்டி எரிப்பு, பிறகு மூன்றாம் நாள் உயிர்த்தெழுதல். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்திலுள்ள சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். மதன் இந்த வருடம் பிழைத்துக்கொள்வானோ என்று ஒருவரும் காத்திருப்பதில்லை.

அப்படியானால் அங்கே மனதைப் பிடித்து வைப்பது எது? இந்த வருடம் ரதியாக நிற்பவர் யார் என்பது. அவர் எதற்காக நேர்ந்தார் என்பது. அந்தப் புலம்பலில் போன வருடம் லயத்தில் நடந்த சாவு கலந்து வருகிறதா என்பது. திகைப்பு கதையின் போக்கில் இல்லை. ஏற்றுக்கொண்டவரின் உடம்பில் அது எப்படி நிகழும் என்பதில் இருக்கிறது. எதிர்பாராமைக் கொள்கைக்கு மலையகம் தரும் திருத்தம் இதுதான். எதிர்பாராமையைக் காட்டிலும் ஆழமான ஒன்று கதைக்குள் குடியிருப்பது.

பொன்னர் சங்கர் இதைப் போர் வழியாகச் சொல்கிறது. கொங்கு நாட்டு அண்ணன்மாருக்குப் பதினாறு வயதுக்குமேல் ஆயுள் இல்லை என்பது கதையில் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. அவர்கள் செய்யும் ஒவ்வொரு சண்டையும் அந்தக் கணக்குக்கு உள்ளேதான் நடக்கிறது. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் இந்தக் கதைப்பாடலை முழுதாக ஒலிப்பதிவு செய்தார். மணப்பாறைக்குக் கிட்ட வீரப்பூரில் மாசித் திருவிழாவில் படுகளம் நடக்கும். நேர்ந்துகொண்டவர்கள் போரில் பட்ட வீரர்களாகத் தரையில் விழுந்து கிடக்க, தங்கையாக நிற்பவரின் தண்ணீர் பட்டு எழுவார்கள். தோட்டத்துக் கூத்திலும் அந்தப் படுகளமே உச்சம். வாட்டர்லூவை மேசைமேல் பரப்பி வைத்திருக்கும் போர்விளையாட்டுக்காரரும் நெப்போலியன் தோற்றான் என்பது தெரிந்தேதான் உட்காருகிறார். அவர்களில் பலர் வரலாற்றைப் புரட்டிப்போட ஆசைப்படுகிறார்கள். இன்னும் சிலர், தோற்றவன் பக்கம் உட்கார்ந்து அவன் பார்த்ததைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். படுகளத்துக்கு நெருக்கமானவர்கள் இவர்கள்.

அர்ச்சுனன் தபசைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம், ஆனால் விட முடியாது. ஒற்றை ஆள் உயர்ந்த தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுகிறார். ஊரே கீழே நின்று பார்த்தாலும் மரத்தில் அவர் மட்டும்தான். மூன்று கூத்துக்களிலும் தனியாட்டத்துக்கு மிகக் கிட்ட வரும் காட்சி இது.

நடத்துநர் இல்லாதபோது

கூத்தில் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். பாட்டு மறந்தவருக்கு எடுத்துக் கொடுப்பவர், அருள் அதிகமானவரை ஆற்றுபவர், இனி எமன் வரலாம் என்று கண்ணைக் காட்டுபவர். பாத்திர ஆட்டத்தின் நடத்துநரும் இதே வேலையைச் செய்கிறார். தனியாட்டத்தில் அந்த ஆள் இல்லை. அவரிடம் கேட்க வேண்டியதை யாரிடம் கேட்பது?

டேனா பிஜன் வடிவமைத்த 'மிதிக்' இதற்கு ஓர் எளிய வழி கண்டது. 2006இல் அது நடத்துநருக்குப் பதிலான தனிக் கருவியாக வந்தது. ஆடுபவர் ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வி ஒன்றைக் கேட்கிறார். கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா? அது எவ்வளவு நடக்கக்கூடியது என்று தானே மதிப்பிட்டுப் பகடையை உருட்டுகிறார். நிலைமை எந்த அளவு கட்டுமீறியிருக்கிறது என்பதற்கு ஒன்று முதல் ஒன்பது வரை ஒரு கணக்கு உண்டு. அது ஏற ஏற ஆம் என்ற பதிலும் அதிகமாகும், இடையூறுகளும் அதிகமாகும். கேட்கத் தெரிந்தவருக்கே கதை வளரும் என்பது இந்த முறையின் அழகு. பகடை பதிலைத்தான் தரும். கேள்வி மனிதரிடமிருந்து வர வேண்டும்.

இதைப் படிக்கும் தமிழருக்குப் பழகிய வாசனை வரும். கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிறோம்: வெள்ளையும் சிவப்பும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் போட்டு, பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பிக்கிறோம். சோழி உருட்டுகிறோம், திருவுளச்சீட்டுப் போடுகிறோம், கிளியிடம் சீட்டுக் கேட்கிறோம். பஞ்சாங்கத்தில் இராமர் சக்கரமும் சீதா சக்கரமும் அச்சிட்டிருக்கும். கண்ணை மூடிக் கட்டத்தில் விரலை வைத்து, எண்ணுக்குரிய பலனைப் படிக்கலாம். கைகாக்ஸின் அட்டவணையும் இதுவும் அமைப்பில் ஒன்றே. நோக்கம் வேறு, அந்த வேறுபாட்டை மங்கவிடக் கூடாது. பூக்கட்டுபவர் தன் மகளின் கலியாணத்தைப் பற்றிக் கேட்கிறார். பதில் அவர் வாழ்வைத் தொடும். தனியாட்டக்காரர் இல்லாத ஒருவரைப் பற்றிக் கேட்கிறார். ஆனால் இருவரும் பழகியிருக்கும் ஒழுக்கம் ஒன்று: தன் ஆசைக்கு வெளியே இருந்து வரும் பதிலுக்குத் தலைவணங்குவது. பிடிக்காத பூ வந்தால் மறுபடி கட்டிப் பார்க்கலாமா என்ற சஞ்சலம் தனியாட்டக்காரருக்கும் உண்டு. பிடிக்காத பகடையைத் திருப்பி உருட்டுபவரின் கதை தொய்ந்துபோகும். அவரைத் தடுக்க எதிரே ஆளில்லாததால், நேர்மையைத் தன்னிடமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஷோன் டொம்கின் 2018இல் வெளியிட்ட 'அயன்ஸ்வோர்ன்' மலையகத்துக்கு இன்னும் நெருங்கி வருகிறது. அதில் பாத்திரம் இரும்பைத் தொட்டுச் சபதம் செய்கிறது. அந்தச் சபதம்தான் கதையின் முதுகெலும்பு. செயல் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆறுமுகப் பகடையோடு திறமையைக் கூட்டி, இரண்டு பத்துமுகப் பகடைகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டையும் தாண்டினால் முழு வெற்றி. ஒன்றை மட்டும் தாண்டினால் நடந்தது, ஆனால் ஒரு விலையோடு. ஒன்றையும் தாண்டாவிட்டால் நிலைமை மோசமாகும். நல்ல கதைகள் பெரும்பாலும் நடுப் பதிலில் வளர்கின்றன. காமன் கூத்தின் முடிவும் அப்படிப்பட்ட நடுப் பதில்தான்: மதன் உயிர் பெறுகிறான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான். நேர்த்திக்கடனில் வேர்விட்ட கூத்தும் சபதத்தில் வேர்விட்ட ஆட்டமும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே தாங்குமரத்தைக் கண்டுபிடித்திருக்கின்றன. சொல் கொடுத்தவர் கடைசிவரை நடக்க வேண்டும்; அந்த நடையே கதை.

குரலும் மறதியும்

கடந்த சில வருடங்களில் வந்த தனியாட்டங்களில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுபவை முடிவை மறைக்காதவை. கிறிஸ் பிசெட் 2020இல் வெளியிட்ட 'த ரெச்சட்' பழுதான விண்கலத்தில் உயிர் தப்பிய ஒரே ஆளைப் பற்றியது. வெளியே ஒரு கொடிய உயிரி. ஒவ்வொரு நாளும் சீட்டுக்களை எடுத்து, அவை சொல்லும் சம்பவங்களை ஆடுபவர் வாய்விட்டுச் சொல்லி ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அடுக்கிவைத்த மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து இடைக்கிடை கட்டைகளை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் கதை முடிந்தது. தப்பும் வாய்ப்பு மிகச் சிறிது. அநேகமாகச் சாவுதான் என்று தெரிந்தே ஆடுகிறார்கள். எழுதாமல் பேசச் சொன்னது இந்த ஆட்டத்தின் பெரிய துணிவு. காகிதத்தில் ஒழுங்காக அமரும் வார்த்தைகள் வாயில் தடுமாறும், அந்தத் தடுமாற்றமே பாத்திரத்தின் உயிர். ஒப்பாரி பாடும் பெண்களுக்கு இது புதிதில்லை. சாவு நடந்து முடிந்துவிட்டது, மாற்ற ஒன்றுமில்லை, ஆனாலும் ஒருத்தி உட்கார்ந்து, போனவரோடு பேசுவது போல அவர் வாழ்வை அந்த இடத்திலேயே கட்டுகிறாள்.

டிம் ஹட்சிங்ஸின் 'தவுசண்ட் இயர் ஓல்ட் வம்பயர்' மறதியை ஆட்டமாக்கியது. ஆயிரம் வருடம் வாழும் ஒரு பிறவி. அதற்கு ஐந்து நினைவுகளுக்கு மட்டுமே இடம். ஒவ்வொரு நினைவிலும் மூன்று அனுபவம். புதிது வந்தால் பழையதொன்றை ஆடுபவரே கோடு கிழித்து அழிக்க வேண்டும். நாட்குறிப்பில் நாலை ஒளித்து வைக்கலாம்; ஆனால் குறிப்பேடே தொலைந்துபோகலாம். கடைசியில் தன் ஊர், தன் தாய், தன் பெயரின் காரணம் எல்லாம் மறந்த ஒருவர் காகிதத்தில் மிஞ்சுகிறார். இதை வடிவமைத்தவர் மலையகத்தை நினைத்திருக்க மாட்டார். ஆனால் இருநூறு வருடத்தில் எத்தனை பிறந்த ஊர்ப் பெயர்கள் எத்தனை குடும்பங்களில் அழிந்துபோயின என்று யோசிப்பவருக்கு இந்த ஆட்டத்தின் விதி வெறும் விதியாகத் தெரியாது.

யாருடைய பக்கம் உட்காருவது

தேயிலை ஏற்கெனவே மேசையாட்டம் ஆகியிருக்கிறது. 2018இல் வெளியான 'சிலோன்' என்ற ஆட்டத்தில் ஆடுபவர்கள் தோட்டம் திறந்து, கொழுந்து சேர்த்து, விற்றுப் பணம் பண்ணுகிறார்கள்; உட்காரும் நாற்காலி முதலாளியுடையது. புகழ்பெற்ற 'புவேர்ட்டோ ரிக்கோ' 2002இல் வந்தபோது கப்பலில் வந்து இறங்கிக் கரும்புத் தோட்டத்தில் வைக்கப்படும் பழுப்பு வட்டங்களைக் குடியேறிகள் என்று அழைத்தது. அவர்கள் யாரென்று பலரும் கேள்வி எழுப்பினார்கள். இருபது வருடம் கழித்து வந்த புதிய பதிப்பு கதையை அடிமைமுறை ஒழிந்த பிறகான 1897க்கு நகர்த்தியது. பல பேர் போட்டிபோடும் பொருளாதார ஆட்டத்துக்கு இந்தக் குறை எளிதில் வந்துவிடும். அதற்கு ஆளெண்ணிக்கை போதும், ஆள் வேண்டாம்.

தனியாட்டத்தால் வேறொன்று செய்ய முடியும். தோட்டத்தின் எழுத்துப் பதிவுகளை எழுதியவர்கள் துரைமாரும் கணக்கப்பிள்ளைமாரும். பெயர்ப்பதிவேடான செக்ரோலில் ஒருத்தியின் நாள் முழுப்பேர் அல்லது அரைப்பேர். கடன் எழுதிய துண்டிலும் பற்றுச்சீட்டிலும் குடும்பமே கடன்தொகையாகச் சுருங்கியது. அவள் பார்த்ததை அவள் சொன்ன பதிவு பாட்டிலும் பேச்சிலும்தான் உண்டு. மடகொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அந்தப் பாட்டுக்களைத் தோட்டம் தோட்டமாகச் சேகரித்து வைத்திராவிட்டால் அதிலும் பெரும்பகுதி போயிருக்கும். இப்படிப்பட்ட வாழ்வைக் கதையாக்க, ஒரே ஆளின் நாளோடு நாளாக உட்காரும் வடிவம் பொருந்தும். பி-17 பத்துப் பேரின் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு செய்ததை, ஒரு லயத்தின் பத்து வீட்டறைகளை, அதாவது காம்பராக்களை, வைத்துக்கொண்டு செய்யலாம்.

மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த வழியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல், வருகையின் இருநூறாவது வருடத்தை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் அந்தப் பாதையில் மீண்டும் நடந்தார்கள். பாதை தெரிந்தது, முடிவு தெரிந்தது, ஆனாலும் நடந்தார்கள். அதை ஒரு தனியாட்டமாக வடிவமைப்பவர் யோசிக்க வேண்டியவை உண்டு. காலராவையும் பசியையும் பகடைக்கு விட்டுவிட்டு, பிழைத்தவருக்கு மதிப்பெண் கொடுத்தால் அது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. யார் சாவார் என்பதைப் பகடை சொல்லட்டும் என்றால், அந்த ஆளுக்கு முதலில் பெயர் இருக்கட்டும், ஊர் இருக்கட்டும், நேர்ந்துகொண்ட ஒன்று இருக்கட்டும். செத்த பிறகு அவருக்காக ஆடுபவர் வாய்விட்டு நாலு வரி சொல்லட்டும். வெற்றி தோல்வி வேண்டாம். மாத்தளையை அடைந்ததும் ஆட்டம் முடியவும் வேண்டாம். அங்கே துண்டுக் கடன் தொடங்குகிறது.

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை இன்னொரு களம். மலையக மக்களில் ஐந்தே கால் இலட்சம் பேரை இந்தியாவும் மூன்று இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பது, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று எண்ணிக்கை பிரித்தார்கள். எந்தப் படிவத்தில் கையெழுத்து வைப்பது என்று ஒவ்வொரு காம்பராவிலும் நடந்த பேச்சு எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. ஹட்டன் நிலையத்தில் இந்தியா போகக் கோச்சி ஏறியவர்களையும் ஏற்றிவிட்டவர்களையும் ஒரே ஆடுபவர் மாறி மாறி ஏற்க வைக்கும் ஆட்டம், இரு கைக்கும் தானே ஆடும் ஆடு புலி ஆட்டம் போல, ஒருவரை இரு பக்க நியாயத்துக்குள்ளும் உட்கார வைக்கும்.

இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. 'அயன்ஸ்வோர்ன்' விதிகளை டொம்கின் படைப்பாக்கப் பொதுமங்களின் கீழ் திறந்துவிட்டிருக்கிறார். உரியவர் பெயரைக் குறிப்பிட்டுத் தமிழில் தழுவி எழுத அது இடம் தருகிறது. மூல ஆட்டம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தேவைப்படும் பொருட்கள் ஒரு கொப்பி, ஒரு பேனை, பகடைக்குப் பதிலாகச் சோழிகள். முதலில் செய்ய வேண்டிய வேலை வேறிடத்தில் இருக்கிறது. கூத்து மாஸ்டர்மார் மேடைக்கு வெளியே செய்வதை, அதாவது மறந்தவருக்கு எப்படி எடுத்துக் கொடுக்கிறார்கள், வருடத்துக்கு வருடம் ரதியின் புலம்பலில் எதைக் கூட்டுகிறார்கள், எதைக் குறைக்கிறார்கள் என்பதைக் கேட்டுப் பதிய வேண்டும். பாட்டு வரிகளைச் சேகரித்தவர்கள் இருக்கிறார்கள். இந்த நடத்தும் கலையை யாராவது ஒருவர் ஒவ்வொரு மாஸ்டரின் பக்கத்திலும் ஒரு மாசி முழுவதும் உட்கார்ந்துதான் எழுதி எடுக்க முடியும். அதே போக்கில், பாட்டிமாரிடம் பல்லாங்குழியைக் கொடுத்து, தனியே இருக்கும்போது எப்படி ஆடுவீர்கள் என்று கேட்டு, காய்க் கணக்கையும் ஆடும்போது முணுமுணுக்கும் பேச்சையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழில் முதல் தனியாட்ட விதிநூலை எழுதப்போகிறவருக்கு நடத்துநரின் இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு, இந்த இரண்டு பதிவுகளிலிருந்துதான் பதில் கிடைக்கும்.